காலண்டரைப் பார்த்துச் சமைத்தவள்

ஒரே ஒரு ஆளுக்குச் சமைப்பது மலிவு என்று நினைப்பவர்கள், தனியாக இருந்து சமைத்துப் பார்க்காதவர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கல்யாண வாழ்க்கை கோர்ட்டில் முடிந்து, திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்து, மாடி போர்ஷன் ஒன்றில் தனியாகக் குடியேறினேன். முதல் மாதக் கடைசியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புகுந்த வீட்டில் நான்கு பேர் சாப்பிட ஆன மளிகைச் செலவில் பாதிக்கு மேல் எனக்கு ஒருத்திக்கே ஆகியிருந்தது!

காரணத்தைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. தேங்காயில் ஒரு மூடி சட்னிக்கு, இன்னொரு மூடி பூஞ்சைக்கு. முட்டைகோஸ் ஒன்று வாங்கினால் அது வாரம் முழுக்க என்னை முறைத்துக்கொண்டே கிடந்தது. கொத்தமல்லிக் கட்டில் பாதியைக்கூட நான் பச்சையாகப் பார்த்ததில்லை. சம்பாதிப்பதில் ஒரு பங்கைக் குப்பைத் தொட்டிக்குப் படையல் போட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளியில் தள்ளிவிட்ட பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, ஏழு நாளைக்கும் என்ன சமையல் என்று எழுத ஆரம்பித்தேன். மாவு பாக்கெட் ஒன்று என் வீட்டில் நான்கு நாளைக்கு நான்கு வேஷம் கட்டும். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் போட்டு ஊத்தப்பம், நான்காம் நாள் புளித்துப்போனதும் ரவையைக் கலந்து குழிப்பணியாரம். தேங்காயை அடியோடு நிறுத்திவிட்டு, கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் கூடையோடு வரும் ஒரு அம்மாவிடம் வேர்க்கடலை வாங்கி அதில் சட்னி அரைத்தேன். பௌர்ணமிக்கு முதல் நாள் காய் வாங்குகிறவர்கள் ஏமாளிகள். அன்னதானம் போடுகிறவர்கள் மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போவதால் அன்று கத்திரிக்காய்கூடப் பெரிய மனுஷன் ஆகிவிடும். நான் பௌர்ணமி கழிந்த மறுநாள் சாயங்காலம்தான் போவேன். மிஞ்சியதைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கூறிலும் பாதிதான் கேட்பேன்.

"ஒரு கேரட்டு, நாலு பீன்ஸு, அரை பீட்ரூட்டு. இன்னாம்மா, சொப்பு வெச்சி சமைக்கிறியா?" என்று காய்க்காரம்மா ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டாள். நான் வெட்கப்படவில்லை. கறிவேப்பிலை கொசுறு கேட்டேன்.

அப்படியே இருந்திருந்தால் யாருக்கும் ஒரு கேடும் வந்திருக்காது. அடுத்த யோசனைதான் வினையாகிவிட்டது. அதை எனக்குக் கொடுத்தது சுவரில் மாட்டியிருந்த நகைக்கடை காலண்டர்.

தினமும் தாள் கிழிக்கிற காலண்டர் அது. ஒருநாள் கிழிக்கும்போது உற்றுப் பார்த்தேன். சோமவாரம், கிருத்திகை, சஷ்டி, சதுர்த்தி, ஏகாதசி, பிரதோஷம், அமாவாசை, பௌர்ணமி. அடேயப்பா, பாதி மாதம் விரதம்! விரதம் என்றால் ஒருவேளைச் சாப்பாடு. ஒருவேளை என்றால் செலவு பாதி. அந்த ஒருவேளையையும் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. பிரதோஷத்துக்குக் கோயிலில் தொன்னையில் புளிசாதமோ தயிர்சாதமோ கிடைக்கும். வியாழக்கிழமை தட்சிணாமூர்த்தி சன்னிதியில் சுண்டல். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் கூப்பிட்டுக் கையில் தட்டைக் கொடுப்பார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதைப் பற்றித்தான் பழமொழி இருக்கிறது. நான் வழிப்பிள்ளையாருக்கு யாரோ உடைத்த சிதறு தேங்காயைப் பொறுக்கிவந்து வீட்டில் துவையல் அரைத்தவள்.

அன்றிலிருந்து பரீட்சைத் தாளில் கட்டம் போடும்போது பக்கத்தில் காலண்டரையும் வைத்துக்கொண்டேன். விரத நாட்களில் கட்டம் காலியாக இருக்கும். காலிக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு குஷி. பணத் தட்டுப்பாடு என்று ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் எனக்குப் போதும். வங்கியில் வைப்பு நிதி இருந்தது, வருஷா வருஷம் அது வளர்ந்துகொண்டும் இருந்தது. எதற்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மிச்சம் பிடிப்பது ஒரு ருசி. நாக்கில் பட்டுவிட்டால் மற்ற ருசியெல்லாம் மறந்துபோகும்.

கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு என் காலிக் கட்டங்கள் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மாடி போர்ஷன்காரி வாரத்தில் மூன்று நாள் அடுப்பு பற்ற வைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை என்பதால் என்னை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவாள். தெருவில் அவள் சொல்லியிருக்கிறாள்: "எங்க டீச்சரம்மா மாதிரி விரதம் இருக்க யாரால முடியும்? கார்த்தால குடிக்கிற காப்பிதான். அதுக்கப்புறம் பச்சத்தண்ணி பல்லுல படாது."

ஒரு வெள்ளிக்கிழமை நான் குளித்துவிட்டு வரும்போது மூன்று வீடு தள்ளி இருக்கிற ஒரு பெண்மணி படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். மகளுக்கு மறுநாள் வரன் பார்க்க வருகிறார்களாம். "உங்க கையால ஒரு திருநீறு வெச்சி விடுங்க" என்று சொல்லிச் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டுவிட்டாள்.  என் காலையா? முந்தின நாள் சுண்டலுக்கு இரண்டாம் தடவை வரிசையில் நின்று கொடுத்தவரிடம் முறைப்பு வாங்கிய காலையா? திருநீறு வைத்துவிட்டேன். அந்த வரன் அமைந்தும் தொலைத்தது. அதற்கப்புறம் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது வந்தார்கள். முதலில் அதிர்ச்சியாக இருந்தது. பிறகு பழகியது. பிறகு, பொய் சொல்வானேன், பிடித்துப்போய்விட்டது. நெற்றியில் கொஞ்சம் அகலமாகவே பூச ஆரம்பித்தேன்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பக்கத்து போர்ஷனுக்கு அந்தப் பெண் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள். இரண்டு பக்கத்துப் பெற்றவர்களோடும் பேச்சுவார்த்தை கிடையாது. புருஷன் பெங்களூரில் கட்டட வேலை, டைல்ஸ் ஒட்டுகிறவன். மாதம் இரண்டு தடவை வந்து போவான். மற்ற நாளெல்லாம் அவளும் என்னைப் போலத் தனி ஆள்தான். வந்த புதிதில் வாசனையாகச் சமைப்பாள். பெருங்காயத் தாளிப்பு சுவரைத் தாண்டி வந்து என் பணியாரத்தை அவமானப்படுத்தும்.

என்னை "அக்கா" என்பாள். ஒற்றை ஆளுக்கு எப்படிச் சாமான் வாங்குவது என்று கேட்டாள். கேட்டால் போதாதா எனக்கு? மார்க்கெட்டுக்கு எப்போது போவது, மாவை எப்படி நீட்டுவது, பருப்பைக் குறைத்துச் சாம்பாரைக் கெட்டியாகக் காட்ட எவ்வளவு கடலைமாவு கரைப்பது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். சமர்த்தாகக் கேட்டுக்கொண்டாள். ஒருநாள் தன் வீட்டுக் காலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நீங்க விரதம் இருக்கிற நாளெல்லாம் இதுல குறிச்சிக் குடுங்களேன். நானும் இருக்கலாம்னு பாக்கறேன்."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பள்ளிக்கூடச் சிவப்புப் பேனாவை எடுத்து, தாள் தாளாகத் தள்ளி, ஒன்றுவிடாமல் வட்டம் போட்டேன். எட்டு விதமான விரதம். அவள் சந்தேகம் கேட்டதற்கெல்லாம் பெரிய ஞானி போல விளக்கம் வேறு. அந்தப் பேனாவைப் பிடித்த கையை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இரண்டு போர்ஷனுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். சாயங்காலம் அவள் புருஷனோடு போனில் பேசுவது தெளிவாகக் கேட்கும். "சாப்ட்டேனான்னா கேக்கறீங்க? இன்னிக்குக் கிருத்திகைங்க. விரதம்" என்பாள். இன்னொரு நாள், "பிரதோஷம்ங்க. பக்கத்து அக்காவும்தான் இருக்காங்க. பழக்கமாயிடுச்சி" என்பாள். என்னைச் சொல்கிறாள் என்று கேட்டு நான் இந்தப் பக்கம் பூரித்துப்போவேன். ஒரு சிஷ்யை கிடைத்துவிட்டாள் என்று ஒரு நினைப்பு. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தாளிப்பு வாசனை வருவது நின்றுபோனதைக்கூடப் பக்தியின் கணக்கில்தான் வைத்தேன்.

அவள் உண்டாகியிருக்கிறாள் என்பதே மூன்றாம் மாதம் கழிந்துதான் எனக்குத் தெரிந்தது. உடனே, "இனிமே விரதமெல்லாம் வேணாம்மா. வயித்துப்புள்ளக்காரி இருக்கக் கூடாது" என்றேன். "வேண்டுதல்க்கா" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்வேன்? வேண்டுதலை விடு என்று சொல்ல வீட்டுக்கார அம்மாவால் முடியும், காய்க்காரம்மாவால் முடியும். ஊருக்கெல்லாம் திருநீறு வைத்துவிடுகிற என்னால் எப்படி முடியும்? "பாலாவது குடி" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

ஐந்தாம் மாதம். சோமவாரமும் பிரதோஷமும் ஒன்றாகச் சேர்ந்து வந்த ஒரு நாள். காலையில் நான் புடவைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தபோது குழாயடியில் குடம் உருளும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவள் தரையில் கிடந்தாள். தண்ணீர் அது பாட்டுக்குக் குழாயிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. முகம் வெளிறி, உதட்டில் ஒரு பொட்டு ரத்தச் சிவப்பு இல்லை. நான் போட்ட கூச்சலில் வீட்டுக்கார அம்மா ஓடிவந்தாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். தூக்கும்போதுதான் தெரிந்தது, ஐந்து மாதக் கர்ப்பிணியின் கை என் கையைவிட மெலிந்திருந்தது. தினமும் பார்த்த கைதான். அன்றைக்குத்தான் பிடித்துப் பார்த்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். கண் இமையை இழுத்துப் பார்த்தாள், ரத்தம் எடுத்து அனுப்பினாள், ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து வந்து எங்கள் முன்னால் நின்றாள்.

"ரத்தம் ஆறுதான் இருக்கு. புள்ளைக்கு இதயத்துடிப்பு இருக்கு, ஆனா வளர்ச்சி ரொம்பக் கம்மி. இன்னிக்கே ரத்தம் ஏத்தணும். இதே மாதிரி போச்சின்னா தாய், புள்ள ரெண்டு பேருக்குமே நான் பொறுப்பு சொல்ல முடியாது. இந்தப் பொண்ணு சாப்பிடுதா இல்லையா?"

"விரதம் டாக்டர்" என்றாள் வீட்டுக்கார அம்மா.

"மாசமா இருக்கும்போது விரதமா? யாரு சொல்லிக் குடுத்தது?"

வீட்டுக்கார அம்மா என் தோளைத் தொட்டு முன்னால் தள்ளினாள். அவள் குரலில் அப்போதும் பெருமைதான். "இதோ, இவங்கதான். டீச்சரம்மா. மாசத்துல பாதி நாள் வாயில ஒண்ணும் படாது. இவங்களப் பாத்துதான் இந்தப் பொண்ணும் இருந்துச்சி."

டாக்டர் என்னை நெற்றியிலிருந்து கால்வரை பார்த்தாள். அகலப் பட்டையிலிருந்து அவள் கண் நகர வெகுநேரம் ஆனது. "நீங்க படிச்சவங்கதானே?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். இரண்டு அறை வாங்கியிருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.  வார்டில் இருந்த பத்துப் பன்னிரண்டு பெண்களும் என்னையே பார்த்தார்கள். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன்.

ரத்தம் ஏற்றினார்கள். புருஷனுக்குப் போன் போனது, பஸ் ஏறிவிட்டேன் என்றான். நான் அன்று வேலைக்குப் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. மறுநாள் விடியற்காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "ரெண்டு உயிரும் தப்பிச்சிது. இனிமே சோறு போடுங்க, கீரை, முட்டை, ஈரல், எல்லாம்" என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அங்கிருந்து நேராக மார்க்கெட்டுக்குப் போனேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கட்டம் போடாமல் கடைக்குப் போன நாள் அது. முருங்கைக்கீரை இரண்டு கட்டு, கேரட் அரைக் கிலோ, பீட்ரூட் அரைக் கிலோ, முழுத் தேங்காய் ஒன்று. காய்க்காரம்மா தராசைப் பிடித்தபடியே வாயைப் பிளந்தாள். "இன்னாம்மா, வூட்ல விசேஷமா?" என்றாள். நான் விலைகூடக் கேட்கவில்லை. அதில்தான் அவள் ரொம்பப் பயந்துபோனாள் என்று நினைக்கிறேன்.

ரத்தம் ஊற ஆட்டுச் சுவரொட்டி நல்லது என்று இங்கே எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஆட்டின் மண்ணீரல்தான் அது. செவ்வாய்க்கிழமையும் திறந்திருக்கிற ஒரு கறிக்கடை எனக்குத் தெரியும். போய் நின்றேன். அங்கே எனக்கு முன்னால் நின்றவள், மகளுக்கு வரன் அமைய என் காலைத் தொட்டாளே, அதே பெண்மணி! மாப்பிள்ளை விருந்துக்குக் கறி வாங்க வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள், கறிக்கடையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "ரெண்டு சுவரொட்டி குடுங்க" என்று நான் சத்தமாகக் கேட்டேன். அந்தப் பெண்மணி பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வீட்டில் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுவரொட்டியை வதக்கினேன். கீரையைப் பாசிப்பருப்போடு கடைந்தேன். சோற்றைக் குழைய வடித்தேன். ஒருத்திக்கு அளந்து அளந்து கை பழகிப்போனதால் எல்லாம் கம்மியாகவே விழுந்தது. இரண்டாம் தடவை அரிசி களைந்து போட்டேன். கேரியரில் அடைத்துக்கொண்டு பதினொரு மணிக்கு வார்டுக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாள். புருஷன் மருந்து வாங்கப் போயிருந்தான். அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

தட்டில் போட்டுக் கொடுத்தேன். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்தியில் பட்டினி கிடந்தவள் சாப்பிடுகிற விதமா அது? பிசையக்கூட நேரமில்லாமல் அள்ளினாள். பாதித் தட்டு காலியானதும் நான் வாயைத் திறந்தேன். யாரிடமும் சொல்லாததைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ராத்திரியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"நான் இருந்ததெல்லாம் விரதமே இல்லம்மா. கஞ்சத்தனம். காசு மிச்சம் புடிக்க சாமி பேரைச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அது தெரியாம நீ என்னைப் பாத்து உன் உடம்பைக் கெடுத்துக்கிட்ட. என்னை மன்னிச்சிடு."

அவள் அதிர்ந்துபோவாள், திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கீரையைத் தொட்டுக்கொண்டாள்.

"தெரியும்க்கா" என்றாள்.

"என்னது?"

"விரதம் விடற வீட்ல அன்னிக்கு வடை, பாயசம்னு வாசன வரும்ல? உங்க வீட்லேர்ந்து ஒருநாள்கூட வந்ததில்ல. அப்பவே தெரிஞ்சிடுச்சி. நானும் சாமிக்காக இருக்கலக்கா."

 அவள் மெதுவாகச் சொன்னாள். புருஷனுக்கு சைட்டில் சம்பளம் ஒழுங்காக வந்து பல மாதம் ஆகிவிட்டது. வருவது வாடகைக்குப் போய்விடும். அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவு ஒன்றுதான் நேரத்துக்கு வயிற்றில் விழுந்தது. "சாப்ட்டியான்னு டெய்லி கேப்பாரு. இல்லன்னு சொன்னா வேலைய வுட்டுட்டு ஓடி வந்துடுவாரு. சாப்ட்டேன்னு பொய் சொல்லவும் வாய் வரல. விரதம்னு சொல்லிட்டா ஒண்ணும் கேக்க மாட்டாரு. அதுக்குத்தான் உங்ககிட்ட காலண்டர எடுத்துக்கினு வந்தேன்."

நான் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்தது அதற்குத்தான். எந்தெந்த நாளில் கௌரவமாகப் பட்டினி கிடக்கலாம் என்று ஒரு கர்ப்பிணிக்கு நான் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். 

"அடிப்பாவி, ஒரு சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே இருந்தேன்! ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"உங்களுக்கும் என்னைப் போலதான் கையில காசு இல்லன்னு நெனச்சேன்க்கா. வெளிய சொல்லிக்காம சமாளிக்கிறாங்க பாவம்னு. இல்லாதவங்ககிட்ட போயி எப்படிக் கேக்கறது?"

"எனக்கு என்னம்மா கஷ்டம்? சம்பளம் வருது, பேங்க்குல பணம் இருக்கு" என்று படபடவென்று சொல்லிவிட்டேன்.

வாய்க்குப் போன கையை அவள் அப்படியே நிறுத்தினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுவாவது இருந்திருக்கலாம்.

"அப்புறம் ஏன்க்கா சாப்பிடாம இருந்தீங்க?" என்று கேட்டாள்.

தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். நான் கேரியரைத் திறந்து அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.